சாகவேண்டியது யார்?

ஊமைப் படத்துக்கும் பேனா வேண்டியிருந்தது! வங்கத் தலைவர் விபின் சந்திரபாலின் மைந்தர் நிரஞ்சன் பால் அதை ஏந்தினார். 1925-ல் புத்தர் கதை, 1928-ல் தாஜ்மகால் கதை ‘ஷிராஸ்’, 1929-ல் சூதாடிய மன்னர் கதை! ஜெர்மானியர் பிரான்ஸ் ஆஸ்டன் இயக்கினார்.

அரண்மனைகளைச் சுற்றிய பேனா, 1936-ல் சேரியை நோக்கித் திரும்பியது. பிறந்தது ‘அச்சுத் கன்யா’ எனும் பேசும் படம். தீண்டப்படாதவள் கஸ்தூரி, பார்ப்பன இளைஞன் பிரதாப். காதல் மலர்ந்தது, சாதி பிரித்தது. முடிவு? ஆடவர் இருவரின் சண்டையைத் தடுக்க ஓடியவள் ரயிலுக்கு இரையானாள்!

எழுதிய துணிவைப் போற்றுகிறோம். ஆனாலும் கேட்கிறோம்: சாகவேண்டியது சாதியா, அவளா?

வடக்குப்பட்டுத் தம்பி! எந்தப் படம் பார்த்தாலும், இறுதியில் பலியாவது யாரென்று பார். எழுதியவர் உள்ளம் அங்கே தெரியும்.