வற்றாத மையும் அடைபட்ட வாயும்



குறிஞ்சிப்பாடி கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். இழை அறுந்தால் எங்கள் ஊர் நெசவாளர் தறியைப் பழிப்பதில்லை. அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிட்டு, மேலே நெய்கிறார். வீட்டு அச்சுப்பொறியையும் அவ்வாறே அணுகுக என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. எழுத்து மங்கியதும், கார்ட்ரிட்ஜ் என்னும் மைக்கூட்டை எறிந்துவிட்டு, பெற்றோர் உழைத்து ஈட்டிய பணத்தில் புதியது வாங்குகிறோம். பல வேளைகளில் மை தீர்ந்திராது; அதன் வாய்தான் அடைபட்டிருக்கும்.

காரணத்தை ஆராய்வோம். 1977ஆம் ஆண்டில் ஜப்பானிய கானன் நிறுவனத்தில், சூடான சால்டரிங் கோல் தற்செயலாக மை நிறைந்த ஊசியில் பட்டது. ஊசிமுனையிலிருந்து மை தெறித்தது. அதிலிருந்து பிறந்ததே வெப்பத்தால் மை பீய்ச்சும் முறை. மின்சூட்டினால் மையில் குமிழி தோன்றி, ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. அத்துளி எத்துணைச் சிறியது! ஒரு லிட்டரை இலட்சம் கோடிப் பங்காக்கினால், அவற்றுள் சில பங்குகளே. அது வெளிவரும் துளை தலைமயிரினும் நுண்ணியது. சில வாரங்கள் அச்சிடாதிருந்தால், மையிலுள்ள நீர் உலர்ந்து, சாயம் துளையை அடைத்துவிடுகிறது.

இனி, பழுது நீக்கும் முறை. முதலில் சோதனைப் பக்கம் ஒன்றை அச்சிடுங்கள். கோடுகள் விட்டுவிட்டுத் தோன்றினால் அடைப்பு இருக்கலாம். பொறியிலேயே உள்ள துப்புரவு ஏற்பாட்டை இரண்டு மூன்று முறை இயக்குங்கள். அதற்குமேல் வேண்டா, மை வீணாகும். அப்போதும் தீராவிடில், மைக்கூட்டிலேயே துளைகள் அமைந்த வகையாயின், அதனைக் கழற்றி, வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியின்மேல் அதன் வாயை ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். துணியில் மைத்தடம் பதிந்தால் வழி திறந்தது. அழுத்தித் தேய்க்கலாகாது, ஊசியால் குத்துதல் அறவே கூடாது. செம்புநிற மின்தொடுப்புகளை வேறு துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் பொருத்துங்கள். எப்சன் போன்ற பொறிகளில் துளைகள் பொறியினுள்ளேயே இருப்பதால், துப்புரவு ஏற்பாட்டோடு நிறுத்திக்கொண்டு, பழுது பார்ப்பவரை நாடுக.

சூடேற்றும் பகுதி கருகியிருப்பின் எம்முறையும் பலிக்காது. அப்போதும் மைக்கூட்டைக் குப்பையில் எறியாமல் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.

வருமுன் காத்தல் இன்னும் எளிது. வாரம் ஒருமுறை கருப்பும் வண்ணமும் கலந்த பக்கம் ஒன்றை அச்சிடுங்கள். சுவர் ஸ்விட்சை அணைக்குமுன் பொறியின் பொத்தானால் அதனை நிறுத்துங்கள்; அப்போதுதான் மைக்கூடு தன் இடம் சேர்ந்து, வாய் மூடப்பெறும். பழுதின் காரணத்தை அறிந்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது என்பதை மறவாதீர்கள்.