வந்த மாதவிலக்கை யார் கணக்கில் எழுதுவது?

“பிசிஓடிக்கு ஹோமியோபதி சாப்பிட்டேன். மூன்றே மாதத்தில் மாதவிலக்கு வந்துவிட்டது, பக்க விளைவும் இல்லை. பிறகெதற்கு இங்கிலீஷ் மருந்து?” என்று ஒரு வாசகி கேட்கிறார். வந்தது உண்மை. அதை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் வழக்கு.

சினைப்பையில் முட்டையைச் சுமந்த நுண்பைகள் ரேஷன் கடை வரிசைபோல நிற்கின்றன. மாதம் ஒருவருக்குத்தான் பில் விழும். அந்த நுண்பை பருத்து வெடித்து முட்டை வெளிவரும், பிறகு மாதவிலக்கு வரும். பிசிஓடியில் கைரேகை இயந்திரம் மக்கர் பண்ணுகிறது. வரிசை நகராது, ஆட்கள் மட்டும் வந்துகொண்டே இருப்பார்கள். ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்று தெரிவது, 2 முதல் 9 மில்லிமீட்டரில் நின்றுபோன இந்தக் கூட்டம்தான். இயந்திரத்தைக் குழப்புவது பல பேருக்கு இன்சுலின். உடல் அதன் பேச்சைக் கேட்காதபோது ரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது. சினைப்பையை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் சொல்லித் தூண்டுவதும் அதுதான். அந்த ஹார்மோனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கல்லீரலில் குறைப்பதும் அதுதான். ஒரே ஆள், இரண்டு இடத்தில் கலகம்! ஆனால் இயந்திரம் சில நாள் தானாகவே வேலை செய்துவிடும். எடை ஐந்து சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்குகிறது. அன்று பார்த்துக் கடைக்காரர் தேங்காய் உடைத்திருந்தால் பெயர் தேங்காய்க்கு.

அதிலும் நாம் மருந்து தேடிப் போவதே மாதவிலக்கு ரொம்பத் தள்ளிப்போன பிறகு. அடுத்து வருவதெல்லாம் மருந்தின் வெற்றியாகத்தான் தெரியும். மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சிக் கவுன்சிலின் சோதனை ஒன்று 2018-ல் நல்ல பலன் என்று அறிவித்தது. மொத்தமே 60 பெண்கள். யாருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்பது பெண்களுக்குத்தான் தெரியாது, கொடுத்தவர்களுக்குத் தெரியும். இதை வைத்து விளம்பரப் பலகை எழுதலாம், சிகிச்சை எழுத முடியாது.

ஹோமியோபதியைத் தொடங்கியவர் ஹானிமன், ஜெர்மனி, 1796: வரலாறு இவ்வளவு போதும். மருந்துப் புட்டியில் 30சி என்றிருந்தால், மூலப்பொருளை நூறில் ஒன்றாக முப்பது முறை கரைத்தது. பன்னிரண்டாவது முறையிலேயே மூலப்பொருளின் கடைசி மூலக்கூறும் ஏறக்குறைய விடைபெற்றிருக்கும். பக்க விளைவு எங்கிருந்து வரும்? இப்படிக் கரைத்துக்கொண்டே போகாத மூலச் சாறான மதர் டிங்ச்சர் வேறு சங்கதி. அதில் தாவரச் சாறும் ஆல்கஹாலும் நிஜமாகவே உண்டு.

ஆபத்து மாத்திரையைவிடக் காத்திருப்பில்தான் அதிகம். முட்டை வெளிவராத மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கவைத்துக்கொண்டே போகும். அதை அடக்கி, பிறகு தான் குறையும்போது உதிரவைக்கும் புரோஜெஸ்டிரோன் வராது. இப்படியே வருடங்கள் ஓடினால் உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. சர்க்கரையும் சத்தமில்லாமல் ஏறலாம். மூன்று மாதம் தாண்டியும் வரவில்லையென்றால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். போகும்போது அந்த மருந்துப் புட்டியையும் எடுத்துப் போங்கள். லேபிளில் 30சி என்றிருக்கிறதா, மதர் டிங்ச்சரைக் குறிக்கும் ‘கியூ’ இருக்கிறதா என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.