'எனக்குச் சம்மதமில்லை' என்று எழுதியவர்!

பலரும் 'சரி' என்று கையெழுத்திடும்போது, 'எனக்குச் சம்மதமில்லை' என்று எழுதிக் கொடுப்பது எளிதா? நாட்டையே பாதிக்கும் விஷயத்தில் அப்படி எழுதியவர், டாக்டர் ப.சுப்பராயன். நாமக்கல் மாவட்டம், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் 1889ல் பிறந்தவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல் அமைச்சராக இருந்தவர்.

1950ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம், மத்திய அரசின் ஆட்சிமொழி இந்தி என்றது. ஆங்கிலத்துக்கு 15 ஆண்டுகள் தவணை கொடுத்தது. அந்த மாற்றத்தை எப்படிச் செய்வது என்று ஆராய, 1955ல் பி.ஜி.கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையம் அமைந்தது. அப்போது ராஜ்யசபா உறுப்பினராக இருந்த சுப்பராயனும் அதில் ஓர் உறுப்பினர்.

1956ல் அறிக்கை தயாரானது. 'இது இந்தி பேசாத மக்கள் மீது இந்தியைத் திணிக்கும்' என்று கருதிய சுப்பராயன், தன் மறுப்பை எழுதிச் சேர்த்தார். வங்காள மொழியியல் அறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜியும் தனியே மறுப்பு எழுதினார். ஆளும் காங்கிரஸ் கட்சிக்காரராக இருந்தும் சுப்பராயன் தயங்கவில்லை!

1957ல் திருச்செங்கோடு மக்கள் அவரை லோக்சபாவுக்கு அனுப்பினர். 1959ல் மத்திய அமைச்சரானார். 1962ல் மகாராஷ்டிர கவர்னராக இருந்தபோது காலமானார். அதற்குப் பிறகே, 1963ல் வந்த சட்டமும் 1967ல் செய்த திருத்தமும் ஆங்கிலம் தொடர வழி செய்தன.

உங்களுக்கும் ஒரு முடிவில் உடன்பாடு இல்லையா? கோபம் வேண்டாம். காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள். எழுதியது நிற்கும்!