தீயிலும் நிற்கும் மரத்தூண்

நார்வேயின் மிகப்பெரிய ஏரியான மியோசாவின் கரையில் புருமுன்டால் என்றொரு சிற்றூர். அங்கே 2019-இல் திறக்கப்பட்ட மியோஸ்டோர்னெ கட்டடத்துக்கு 18 மாடி, உயரம் 85.4 மீட்டர். அதைத் தாங்கும் தூண்களும் உத்திரங்களும் மரம். லிஃப்ட் ஓடும் கூடுகூட மரம்தான்.

அதன் மூலைத்தூண்கள் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலமும் அறுபது சென்டிமீட்டர் கனமும் கொண்டவை. ஒற்றை ஸ்ப்ரூஸ் மரத்திலிருந்து இப்படி ஒரு தூணை அறுத்தெடுக்க முடியாது. அதனால் மரத்தைப் பலகைகளாக அறுத்து, உலர்த்தி, பெரிய கணுக்களை வெட்டி நீக்கி, நார் ஒரே திசையில் ஓடும்படி அடுக்கிப் பசையிட்டு அழுத்துகிறார்கள். ஒரு பலகையில் குறை இருந்தாலும் அண்டைப் பலகைகள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். ஓட்டோ ஹெட்சர் என்ற ஜெர்மானியத் தச்சர் 1906-இலேயே இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

சரி, தீப்பிடித்தால்? விறகடுப்பு மூட்டியவர்களுக்கு விடை பாதி தெரியும். சுள்ளி சடசடவென்று எரிந்துபோகும். பெருங்கட்டை லேசில் தீராது. தூணின் மேற்பரப்பு எரிந்து கரியாகிறது. அந்தக் கரி வெப்பத்தை உள்ளே எளிதில் விடாது. நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர்தான் தீ உள்ளே நகரும். ஒரு மணி நேரத்துக்கு நாலு சென்டிமீட்டர். எரியப்போகும் கனத்தையும் சேர்த்தே பொறியாளர்கள் தூணின் அளவை முடிவு செய்கிறார்கள். காப்புப் பூச்சில்லாத எஃகோ 600 டிகிரி செல்சியஸில் பாதி வலுவை இழந்து வளையத் தொடங்கும். எத்தனை நேரத்தில் எவ்வளவு எரியும் என்று முன்கூட்டியே கணக்கிட முடிவதுதான் கனமரத்தின் பெரும் பலம் என்பேன்.

தீயைத் தாங்குவது போக, மரத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. ஒரு கனமீட்டர் ஸ்ப்ரூஸ், வளரும்போது காற்றிலிருந்து இழுத்த சுமார் 700 கிலோ கரியமில வாயுவின் கார்பனைத் தன்னுள் வைத்திருக்கிறது. கட்டடம் நிற்கும்வரை அது உள்ளேயே இருக்கும். வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளர்ந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

மியோஸ்டோர்னெயைக் கட்டியவர்களுக்குப் பெரிய சவால் காற்று. ஸ்ப்ரூஸின் எடை கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். அஸ்திவாரத்துக்கு இது வசதி; உச்சிக்கு அல்ல. உயரமான, எடை குறைந்த கட்டடம் பலத்த காற்றில் அசையும். இடிந்துவிடாது, ஆனால் மேலே குடியிருப்பவருக்குத் தலைசுற்றும். எனவே 12-ஆம் தளம் முதல் மேலுள்ள தளங்களுக்குக் கான்கிரீட் பலகங்களைப் போட்டார்கள். மரத்தின் தோல்வியாக இதை நான் பார்க்கவில்லை. கான்கிரீட்டின் எடை தேவைப்பட்ட ஏழு தளங்களில் மட்டும் அதைப் பயன்படுத்தியதே போதுமானதாக இருந்தது.