வானில் வட்டமடித்த விமானம்: செய்தியில் நடந்த குளறுபடி!

புதுக்கோட்டை:-

2024-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி. வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை நாள். கடைக்குப் பூஜை போட்டு, பொரி கடலை கொடுத்துவிட்டு எல்லோரும் வீட்டில் இருந்த நேரம்.

மாலை 5.40 மணி அளவில் திருச்சியில் இருந்து சார்ஜாவுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கிளம்பியது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஹைட்ராலிக் கோளாறு. விமானம் சார்ஜா போகவில்லை. திருச்சி-புதுக்கோட்டை எல்லை வானில் சுற்றிச் சுற்றி வந்தது. சுமார் இரண்டரை மணி நேரம்!

அவ்வளவுதான். டி.வி.யிலும் செல்போனிலும் செய்தி பறந்தது. "எரிபொருளைக் கொட்டுகிறது", "சக்கரம் வேலை செய்யவில்லை", "வயிற்றுப் பகுதி தரையில் உரச இறங்கப் போகிறது" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

திகிலில் குடும்பங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் வளைகுடா நாட்டு வேலைக்கு ஆள் போகாத ஊர் குறைவு. போகிறவர்களுக்கு திருச்சி விமான நிலையம்தான் வாசல். அதுவும் திருச்சி-புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது.

வழியனுப்பிவிட்டு வந்தவர்கள் டி.வி.யில் பார்த்தது இந்தச் செய்திகளைத்தான். பயணிகள் எத்தனை பேர் என்பதில் கூட குழப்பம். 141 என்றார்கள், 144 என்றார்கள்.

கடைசியில் நடந்தது என்ன? இரவு 8.15 மணி அளவில் விமானம் சக்கரத்தை இறக்கி, ஓடுபாதையில் ஒழுங்காக வந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை!

கொட்டியதா, எரித்ததா?

அந்த விமானம் போயிங் 737 வகை. அதில் எரிபொருளை வானில் கொட்டுகிற வசதியே கிடையாது. போயிங் 777, 747 போன்ற பெரிய விமானங்களில்தான் அது உண்டு.

நெடுந்தூரத்துக்கு எரிபொருள் நிரப்பிய விமானம் கிளம்பிய உடனே இறங்கினால் எடை அதிகம். திருச்சி ஓடுபாதையோ சுமார் 8 ஆயிரம் அடிதான். அதனால் பறந்து பறந்தே எரிபொருளைத் தீர்த்து, எடையைக் குறைத்தார்கள். இந்த வகை விமானம் மணிக்கு இரண்டு டன்னுக்கு மேல் எரிக்கும்.

ஆக, சுற்றியது ஆபத்து அல்ல. சுற்றியதுதான் பத்திரம்! ஜனங்களுக்குச் சொல்லவேண்டிய முதல் சேதி இது. அதுவே பலருக்குத் தலைகீழாகப் போய்ச் சேர்ந்தது.

சக்கரத்துக்கு மாற்று வழி

ஹைட்ராலிக் என்பது எண்ணெய் அழுத்தம். டிப்பர் லாரியில் தொட்டியைத் தூக்குகிறதே, அதே சங்கதிதான். 737 விமானத்தில் இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளும், கைகாவலாக மூன்றாவது ஒன்றும் உண்டு.

எண்ணெய் அழுத்தம் கைகொடுக்காமல் போனாலும், விமானி அறையில் உள்ள கைப்பிடியை இழுத்தால் சக்கரம் தன் எடையிலேயே கீழே இறங்கும். ஹைட்ராலிக் கோளாறு என்றதும் "வயிற்றில் இறங்குது" என்று முடிவு கட்டியது அவசரக் குடுக்கைத்தனம்.

இரண்டு அவசர நிலை

விமான நிலையத்தில் முழு அவசர நிலை அறிவித்து, ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வரிசையாக நின்றன. ஆனால், விமானிகள் அவசர நிலை அறிவிக்கவில்லை என்று விமான நிறுவனம் பிறகு சொன்னது.

இதில் யார் பொய்? யாரும் இல்லை. கீழே இருப்பவர்கள் தயாராக நிற்பது வேறு. மேலே இருப்பவர் அபாயக்குரல் கொடுப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்த வினை.

ஆமதாபாத்தில் நடந்தது

2025-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் இருந்து லண்டன் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் சில நொடிகளில் விழுந்து நொறுங்கியது. யாரும் பிழைத்ததாகத் தெரியவில்லை என்று போலீஸ் அதிகாரி சொன்னதாக முதலில் செய்தி வந்தது. அதையே உலகம் முழுக்கப் போட்டார்கள்.

ஆனால் விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் உயிரோடு வெளியே நடந்து வந்தார்! முதல் செய்தியைக் கேட்ட நேரத்தில் அவர் வீட்டார் என்ன பாடுபட்டிருப்பார்கள்?

ஒரே ஒரு கேள்வி

நிருபர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. விபத்து நேரத்தில் விமான நிலைய கேட்டுக்கு வெளியேதான் நிற்கவேண்டும். விவரம் சொல்ல ஆள் கிடைக்காது. அலுவலகத்தில் இருந்து "முதலில் கொடு" என்று போன் மேல் போன் வரும்.

இருந்தாலும், "இது எந்த வகை விமானம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், எரிபொருளைக் கொட்டுகிற கதை அன்று கிளம்பியே இருக்காது.

பிள்ளையை அனுப்பிவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கும் தாய்க்கு செய்திதான் ஒரே ஆதாரம். அடுத்த முறையாவது விசாரித்துவிட்டுச் சொல்வார்களா?