ஒரு ராத்திரியும் ஒன்பது சனிக்கிழமைகளும்

நூறு கெஜம் – 11

நவம்பர் மாதம் வந்தால் அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து பார்க்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். எங்கோ ஒரு மலைப் பிரதேசத்தில், அதிகம் பேர் கேள்விப்படாத பல்கலைக்கழக அணி ஒன்று பத்துக்குப் பத்து ஜெயித்திருக்கும். ‘தோற்காத அணிக்குப் பட்டம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?’ என்பது ஒரு கட்சி. ‘யாரை ஜெயித்தார்கள்? அலபாமாவோடு ஆடட்டும், ஒக்லஹோமாவோடு ஆடட்டும், தெரிந்துவிடும்’ என்பது மறு கட்சி. சென்ற வாரம் பார்த்த பாய்சி ஸ்டேட்டின் நீல மைதானம் உலகத்துக்குத் தெரிய வந்ததே இந்தச் சண்டையில்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நான் நழுவப் போவதில்லை. இந்தக் கேள்விக்கு விடை உண்டு. ஆடியே பார்த்துவிட்டார்கள்.

தொடரை இந்த வாரம்தான் எடுத்தவர்களுக்காக இரண்டு வரி. இது காலால் உதைக்கும் பந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டிய அமெரிக்க ஆட்டம். அணிகள் ‘கான்ஃபரன்ஸ்’ என்ற கூட்டணிகளாகப் பிரிந்து கிடக்கின்றன. சனிக்கிழமைக்கு ஓர் ஆட்டமாகப் பருவத்துக்குப் பன்னிரண்டு. அதில் எட்டோ ஒன்பதோ சொந்தக் கூட்டணிக்குள்ளேயே ஆட வேண்டும். தொலைக்காட்சிப் பணம் கொட்டுகிற கூட்டணிகள் சில. மிச்சத்தில் வாழ்கிற கூட்டணிகள் பல. வருஷக் கடைசியில் நல்ல அணிகளுக்கு ‘பௌல்’ என்ற சிறப்பு ஆட்டம்.

2007 ஜனவரி 1, அரிசோனாவின் கிளெண்டேல். ஃபியஸ்டா பௌல். பாய்சி ஸ்டேட் 12 ஆட்டத்தில் 12 வெற்றியோடு வந்திருந்தது. பயிற்சியாளர் கிறிஸ் பீட்டர்சனுக்குத் தலைமைப் பொறுப்பில் அதுதான் முதல் வருஷம். எதிரே பிக் 12 கூட்டணியின் சாம்பியன் ஒக்லஹோமா, அதன் ஓட்டக்காரர் ஏட்ரியன் பீட்டர்சன். மூன்றாவது கால்பகுதியில் 28–10 என்று பாய்சி முன்னணியில் இருந்தது. பிறகு ஒக்லஹோமா வரிசையாக 25 புள்ளி எடுத்து 35–28 என்று தலைகீழாக்கியது. பாய்சிக்கு ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரம், நான்காவது முயற்சி, இன்னும் 18 கெஜம் போக வேண்டும். குவார்ட்டர்பேக் ஜேரட் ஸப்ரான்ஸ்கி வீசியதைப் பிடித்த டிரிசான் ஜேம்ஸ், தன்னைக் கடந்து எதிர்த்திசையில் ஓடிய ஜெரார்ட் ராபிடம் பந்தைத் தட்டிவிட்டார். கோட்டைத் தாண்டி டச்டவுன்; கூடவே வரும் உதையில் ஆட்டம் சமன். மிச்சம் இருந்தது ஏழு விநாடி. கூடுதல் நேரத்தில் ஏட்ரியன் பீட்டர்சன் முதல் முயற்சியிலேயே 25 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். பாய்சியும் ஒரு டச்டவுன் போட்டது. ஒரு புள்ளிக்கு உதைத்துச் சமன் செய்திருக்கலாம். இரண்டு புள்ளிக்குப் போனார்கள். ஸப்ரான்ஸ்கி வலது கையால் வீசுவதுபோல் பாவனை செய்ய, இடது கையில் முதுகுக்குப் பின்னால் இருந்த பந்தை இயன் ஜான்சன் வாங்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். 43–42.

அந்த வருஷம் கல்லூரிக் கால்பந்தின் முதல்நிலைப் பிரிவில் ஒரு தோல்வியும் இல்லாத ஒரே அணி பாய்சி. தரவரிசையில் கிடைத்த இடம் ஐந்து. தேசியப் பட்டம் ஓர் ஆட்டம் தோற்றிருந்த புளோரிடாவுக்கு.

இரண்டு வருஷம் கழித்து அதே போன்ற இன்னொரு சின்ன அணி, யூட்டா. 2008இல் 12 ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு, 2009 ஜனவரி 2 அன்று நியூ ஆர்லியன்ஸில் பயிற்சியாளர் நிக் சேபனின் அலபாமாவைச் சந்தித்தது. அலபாமா டிசம்பர் தொடக்கம்வரை நாட்டின் முதலிடத்தில் இருந்த அணி. முதல் கால்பகுதி முடிவதற்குள் யூட்டா 21–0. முடிவு 31–17. ஆனாலும் பட்டம் மறுபடியும் ஒரு தோல்வி கண்ட புளோரிடாவுக்கே. அந்தப் புளோரிடாவின் பயிற்சியாளர் அர்பன் மேயர் நான்கு வருஷத்துக்கு முன்பு இதே யூட்டாவில் தோல்வியே இல்லாத ஓர் அணியை உருவாக்கியவர். மனிதர் அதேதான், முகவரி மாறியதும் பட்டம் கிடைத்தது. யூட்டா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஏகபோகத் தடைச் சட்டத்தைக் கையில் எடுக்கப் போவதாகச் சொன்னார். அந்த மாநிலத்து செனட்டர் ஆரின் ஹேட்ச் 2009 ஜூலையில் செனட் விசாரணையே நடக்கச் செய்தார். ஒரு பந்தாட்டத் தரவரிசைக்கு செனட் விசாரணை! சிரிப்பாக இருந்தாலும், அதற்குப் பின்னால் இருந்த பணம் சிரிக்கிற அளவுக்குச் சின்னதல்ல.

இடையில் 2007இன் ஹவாயையும் மறைக்கக் கூடாது. அதுவும் 12–0 என்று வந்தது. பௌலில் ஜார்ஜியாவிடம் 41–10 என்று நொறுங்கியது. மறு கட்சிக்காரர்கள் இன்றுவரை எடுத்து வீசுகிற சீட்டு அதுதான்.

ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத் தலைவர் கார்டன் கீ 2010 நவம்பரில் பேசியதும் இந்தச் சண்டையில் சேர்த்தி. பாய்சியும் டெக்சஸ் கிறிஸ்டியனும் ஏழை முதியோரைப் பராமரிக்கும் கத்தோலிக்கக் கன்னியரோடுதான் ஆடுகிறார்கள் என்ற பொருளில் கிண்டல் செய்தார். டெக்சஸ் கிறிஸ்டியன், அதாவது டிசியு, அந்தப் பருவத்தை 13–0 என்று முடித்தது. ரோஸ் பௌலில் விஸ்கான்சினை 21–19 என்று வென்றது. சில நாளில் ஒஹாயோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸ் நகரத்தில் விளம்பரப் பலகைகள் முளைத்தன. டிசியுவுக்கு வாழ்த்து; அடியில் அந்தக் கன்னியர் சபையின் பெயர். கீ பின்னர் அவர்கள் நடத்தும் இல்லத்துக்கு நேரிலேயே போய்வந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் சின்ன அணிகளின் கட்சியில் நானும் கொடி பிடித்திருப்பேன். முடியவில்லை. 2011இல் பசிபிக் கரைப் பெரிய அணிகளின் கூட்டணியான பேக் 12, யூட்டாவைச் சேர்த்துக்கொண்டது. பயிற்சியாளர் கைல் விட்டிங்காம் மாறவில்லை. முதல் வருஷம் கூட்டணிக்குள் ஒன்பதில் நான்கு வெற்றி. அடுத்த வருஷம் மூன்று. அதற்கடுத்த வருஷம் இரண்டு.

அந்த 2013ஆம் வருஷத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அக்டோபர் 12 அன்று நாட்டில் ஐந்தாம் இடத்தில் இருந்த ஸ்டான்ஃபர்டை யூட்டா 27–21 என்று தோற்கடித்தது. ஸ்டான்ஃபர்ட்தான் அந்த வருஷம் பேக் 12 சாம்பியன். சாம்பியனை வென்ற யூட்டா பருவத்தை முடித்தது ஐந்து வெற்றி, ஏழு தோல்வியோடு. பௌல் ஆட்டத்துக்கான குறைந்தபட்சத் தகுதிகூட இல்லை. ஜெயிக்கத் தெரியாத அணி ஸ்டான்ஃபர்டை ஜெயிக்காது. ஸ்டான்ஃபர்டை ஜெயித்த அணி மற்ற வாரங்களில் ஏன் சரிந்தது?

வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஒருவேளை பிரமாதமாகச் சமைப்பது வேறு, வருஷம் முழுக்க மெஸ் நடத்துவது வேறு. பௌல் ஆட்டத்துக்கு முன்னால் பாய்சிக்கு ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. யூட்டாவுக்கு அலபாமாவுக்கு முன்னால் ஏறக்குறைய ஆறு வாரம். காயம் ஆறும். எதிரணியின் ஒவ்வொரு ஆட்டத்தையும் படம் போட்டுப் பார்க்கலாம். முதுகுக்குப் பின்னால் பந்தை மறைக்கும் வித்தையை ஆயிரம் தடவை ஒத்திகை பார்க்கலாம். களத்தில் இறங்குவது உங்களுடைய ஆகச் சிறந்த பதினொரு பேர். எதிரணியோ பல நேரம் தேசியப் பட்டத்தைத் தவறவிட்ட சோகத்தில் வந்து நிற்கும். அந்த ஒரு ராத்திரிக்குச் சின்ன அணி பெரிய அணியாகிவிட முடியும்.

சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஆடும்போது கணக்கு வேறு. அந்த வருஷங்களில் ஓர் அணி 85 பேருக்கு உதவித்தொகை கொடுக்கலாம். பெரிய அணிக்கும் சின்ன அணிக்கும் எல்லை ஒன்றே. முதல் இருபது பேரை வைத்து ஒப்பிட்டால் நல்ல சின்ன அணி தலைகுனிய வேண்டியதில்லை. ஐம்பதாவது ஆளிடம் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். அலபாமாவில் ஐம்பதாவது ஆள், பள்ளிக்கூடத்தில் நாடே தேடிய பையன். தன் முறைக்காகக் காத்திருக்கிறான். முன்வரிசைக்காரர்களிடம் இது இன்னும் பச்சையாகத் தெரியும். ஒவ்வொரு முயற்சியிலும் 135 கிலோ ஆள் 135 கிலோ ஆளை முட்டுகிறான். வேகமாக ஓடுகிற பையன் எந்தக் கிராமத்திலும் கிடைப்பான். அந்த எடையோடு வேகமாகக் கால் நகர்த்துகிற பையன் அபூர்வம், அவனைப் பணக்கார அணிகள் முதலிலேயே கொத்திக்கொண்டு போய்விடும். செப்டம்பரில் இது தெரியாது. நவம்பரில், முழங்காலும் தோளும் ஓய்ந்த பிறகு தெரியும்.

யூட்டாவில் அப்படித்தான் நடந்தது. குவார்ட்டர்பேக் ஜோர்டன் வின் 2011இல் தோளில் அடிபட்டு வெளியேறினார். மறு வருஷம் திரும்பி வந்து மறுபடியும் தோளில் அடிபட்டு ஆட்டத்தையே விட்டார். அவர் இடத்தில் ஆட வந்தவர், கால்பந்து அணியையே கலைத்துவிட்ட வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த இளைஞர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெஞ்சில் ஆள் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

டிசியு 2012இல் பிக் 12க்குள் போனது. ஒன்பதில் நான்கு, அடுத்த வருஷம் ஒன்பதில் இரண்டு. வெகு பின்னால் சென்ட்ரல் புளோரிடாவும் சின்சினாட்டியும் 2023இல் அதே கூட்டணிக்குள் நுழைந்தன. முன்னது 2017இல் 13–0 என்று முடித்து, பௌலில் ஆபர்னை வென்று, தன்னைத் தானே தேசிய சாம்பியன் என்று அறிவித்து டிஸ்னியில் ஊர்வலம் போன அணி. பின்னது 2021இல் தோல்வியில்லாமல் தேசிய அரையிறுதிவரை வந்து அலபாமாவிடம் 27–6 என்று தோற்றது. புதுக் கூட்டணியில் முதல் வருஷம் முன்னதற்கு ஒன்பதில் மூன்று, பின்னதற்கு ஒன்பதில் ஒன்று. நான்கு அணிகளும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பள்ளத்தில் விழுந்தன என்றால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

பள்ளத்திலேயே கிடந்தார்களா என்றால் அதுவும் இல்லை. டிசியு மூன்றாம் வருஷமே, 2014இல், 12–1 என்று முடித்து பிக் 12 பட்டத்தைப் பங்குபோட்டது. யூட்டாவுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. 2021, 2022 இரண்டு வருஷமும் பேக் 12 பட்டம் அவர்களுக்கே, அதே விட்டிங்காமின் தலைமையில். பெரிய கூட்டணியின் பணம் முதல் நாளே முழுசாக வரவில்லை. வரத் தொடங்கியதும், முன்பு இந்தப் பக்கம் எட்டிப்பார்க்காத பையன்கள் யூட்டாவுக்கு வந்தார்கள். ஆகவே மறு கட்சிக்காரர்கள் மார்தட்ட வேண்டாம். சின்ன அணிகளிடம் இல்லாதது திறமை அல்ல, கூட்டணியின் கதவுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கிற பண்டம். கதவைச் சாத்தி வைத்துக்கொண்டே ‘உள்ளே வந்து ஆடத் துணிவிருக்கிறதா’ என்று கேட்டதுதான் எனக்கு எரிச்சல்.

பாய்சிக்கு அந்தக் கதவு கடைசிவரை திறக்கவில்லை. கிறிஸ் பீட்டர்சன் 2013 டிசம்பரில் வாஷிங்டனுக்குப் போய், 2016இல் அந்த அணியை தேசிய அரையிறுதிக்குக் கொண்டுபோனார். பாய்சி 2024இல் தேசியப் பட்டத்துக்கான பன்னிரண்டு அணிப் போட்டிக்குள் நுழைந்தது; ஓட்டக்காரர் ஆஷ்டன் ஜென்ட்டி அந்தப் பருவத்தில் ஓடியது 2,601 கெஜம். அந்தப் போட்டியில் எதிர்த்து ஆடிய பென் ஸ்டேட்டின் முன்வரிசை அவரை 104 கெஜத்தோடு நிறுத்தியது. 31–14 என்று பாய்சி தோற்றது. இப்போது 2026இல் பாய்சி பேக் 12இல் சேர்கிறது. ஆனால் யூட்டாவைப் புரட்டியெடுத்த அந்தக் கூட்டணி அல்ல இது; பன்னிரண்டில் பத்து அணி 2024இலேயே கிளம்பிப் போய்விட்டது.

என் தீர்ப்பு இது. 2006இன் பாய்சியை அந்த வருஷத்து பிக் 12இல் எட்டு ஆட்டம் ஆடவிட்டிருந்தால் ஐந்தில் ஜெயித்து மூன்றில் தோற்றிருக்கும். அதே அணி ஒரு மாத அவகாசத்தோடு ஒக்லஹோமாவைச் சந்தித்தால், தோற்கும் என்று நான் பத்து ரூபாய்கூடப் பந்தயம் கட்டமாட்டேன்.

அடுத்த வாரம்: நான்கு லட்சம் டாலர் கொடுத்து ஒரு சின்ன அணியை வரவழைத்து, ஒரு லட்சம் பேர் முன்னிலையில் தோல்வியை வாங்கிக்கொண்ட மிச்சிகன்.

(தொடரும்)