எலும்புக்கு மூன்று மாதம் கொடுங்கள்

காவலர் பணிக்கான உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். ராணுவத்தின் அக்னிவீர் தேர்விலோ 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் விடியற்காலையில் ஓடும் பிள்ளைகளிடம் எதற்காக ஓடுகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ‘பிசிக்கலுக்கு’ என்றுதான் பதில் வரும். அப்பாவும் அம்மாவும் பட்டுத்தறியில் இருக்க, பிள்ளையாவது காக்கிச்சட்டை போட வேண்டும் என்று காத்திருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் நிறைய.

ஓடத் தொடங்கிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் இவர்களில் பலருக்கு ஒரே இடத்தில் வலி வருகிறது. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்விளிம்பில். ஓட்டத்தின் தொடக்கத்தில் பிடிக்கும். உடம்பு சூடேறியதும் மட்டுப்படும். ஓடி முடித்து வீட்டுக்கு வந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். மருத்துவர்கள் இதை ‘ஷின் ஸ்பிளின்ட்ஸ்’ என்பார்கள். புதிதாக ஓடுகிறவர்களுக்கு வரும் தொல்லைகளில் இது முன்வரிசையில் இருப்பது.

மூன்றாவது வாரம் என்பது தற்செயல் அல்ல. ஓடும்போது ஒவ்வொரு முறை பாதம் தரையில் இறங்கும்போதும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. ஏழு நிமிட ஓட்டத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் இது நடக்கும். இந்தப் புதிய சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத்தானே புதுப்பிக்கத் தொடங்குகிறது. முதலில் பழைய பகுதியைக் கரைக்கும். அதற்குச் சுமார் மூன்று வாரம். பிறகு புதிய எலும்பால் நிரப்பும். அதற்குச் சுமார் மூன்று மாதம். நடுவில் இருக்கும் நாட்களில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. நம் பிள்ளைகள் வேகத்தைக் கூட்டுவது சரியாக அந்த நாட்களில்தான்.

குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க மிதிகட்டையை மிதிக்கும் கால் வலுவான கால்தான். ஆனால் அங்கே உடம்பின் பாரம் பலகையில் இருக்கிறது, காலில் இறங்குவதில்லை. ‘எங்களுக்குக் கால் உரம் உண்டு’ என்று நம்பி முதல் நாளே மூன்று கிலோமீட்டர் ஓடும் பையனின் தசை தாங்கும், மூச்சும் தாங்கும். எலும்புக்கு அது புது வேலை.

பலவீனமான எலும்பில் சுமை ஏறிக்கொண்டே போனால் விரிசல் விழலாம். படைகளுக்கு இது பழைய பிரச்சினை. 1855-லேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுந்தூரம் நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பு விரிசல் என்று தெரிந்தது. இஸ்ரேல் ராணுவம் பல ஆண்டுகள் ஷூவையும் பயிற்சியையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. புதுச் சிப்பாய்களின் மொத்த நடைதூரத்தைக் குறைத்து, தினமும் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தை உறுதி செய்தபோதுதான் விரிசல்கள் பாதிக்கும் கீழே இறங்கின. நள்ளிரவு வரை படித்துவிட்டு நாலு மணிக்கு மைதானத்துக்கு ஓடும் நம் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

வலி வந்தால் ஒரு சோதனை. எலும்பின் உள்விளிம்பில் விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ். ஒற்றைப் புள்ளியில் தொட்டால் உயிர் போகிறது, ஒற்றைக்காலில் குதிக்க முடியவில்லை, இரவில் படுத்த பிறகும் வலிக்கிறது என்றால் விரிசலாக இருக்கலாம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஏனாத்தூரிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நகரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. முதல் இரண்டு, மூன்று வாரங்களில் விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதை ஓடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு எலும்பின் மேல் அழுத்தி நீவ வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே வேண்டாம். அது வலியை மறைக்கும், விரிசலை வளர விடும்.

சாதாரண ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்றால் ஓட்டத்தை நிறுத்தி, வலிக்காத அளவுக்கு நடங்கள், சைக்கிள் மிதியுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்கும் பயிற்சி கெண்டைக்காலை வலுப்படுத்தும். முழங்காலைச் சற்று மடக்கியும் அதையே செய்யுங்கள். நடக்கும்போதும் அழுத்தும்போதும் வலி போன பிறகு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கலாம். எட்டிப் போடும் நீள அடிகளைக் குறைத்து, சின்ன அடிகளாக ஓடினால் எலும்புக்கு அடி குறையும். சாலையின் சரிந்த ஓரத்தைவிட மண் மைதானம் நல்லது.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வலி ஆண்களைவிட அதிகம் வருகிறது. காலைச் சாப்பாட்டைத் தவிர்த்து ஓடி, மாதவிடாய் தள்ளிப்போகவோ நின்றுபோகவோ செய்தால், உடம்புக்குத் தேவையான சாப்பாடு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். எலும்பும் அதனால் மெலியும். கூச்சப்படாமல் அம்மாவிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டிய விஷயம் இது.

காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு முதலில், ஓட்டம் பிறகு. ராணுவத்திலும் 2023 முதல் அப்படித்தான். அதனால் எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகே பலர் ஷூ வாங்குகிறார்கள். மூன்று மாதம் வேண்டிய எலும்புக்கு மூன்று வாரம்தான் கிடைக்கிறது. விண்ணப்பம் போடும் அன்றே ஓடத் தொடங்குங்கள். வாரத்துக்கு மூன்று நாள், இருபது நிமிடம், பக்கத்தில் ஓடுகிறவரோடு பேசிக்கொண்டே போகும் வேகம், ஆரம்பத்துக்கு இது போதும். பயிற்சி மையம் நடத்துகிறவர்களும் முதல் நாள் பாடத்திலேயே மைதானத்தையும் சேர்த்துவிட வேண்டும்.